வரலாம்

“நேத்து பாதி வழியிலேயே நான் பேச்ச நிறுத்திட்டேன் மாமா. நீங்க ஏன் வண்டிய நிறுத்தல?”

கிளி இப்படிக் கேட்டபோது டிரைவர் இஞ்சினின் படியில் உட்கார்ந்து ஷூவுக்குள் புகுந்த ஜல்லிக்கல்லைத் தட்டிக்கொண்டிருந்தார். மைத்துனன் விளையாடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தார். அவன் பேச்சை நிறுத்தினான் என்பதே நம்புகிற மாதிரி இல்லை. தூக்கத்தில்கூடப் பேசுகிறவன். அதனால்தான் ரயில் யார்டில் எல்லோரும் அவனுக்குக் கிளி என்று பேர் வைத்திருந்தார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பள நாளில் மட்டும்தான் காதில் விழும்.

“நீயாவது, பேச்ச நிறுத்தறதாவது,” என்றார்.

“விளையாடல மாமா. தொண்டையில தூசி அடைச்சு ஒரே இருமல். வாக்கி டாக்கிய வாய்கிட்ட கொண்டுபோகவே முடியல. இப்ப நின்னுடும், இப்ப நின்னுடும்னு பார்க்கறேன், வண்டி பாட்டுக்குப் போயிட்டே இருக்கு.”

“நீ பேசிட்டேதான் இருந்தே. குவாரி வர்ற வரைக்கும் வரலாம், வரலாம்னு எனக்கு நல்லா கேட்டுது.”

“நான் பேசல மாமா.”

டிரைவர் ஷூவைக் கையில் வைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். கிளி சிரிக்கவில்லை. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அவன் பார்வை டிரைவர்மேல் இல்லாமல், கொஞ்ச தூரத்தில் மலையடிவாரத்தில் திறந்திருந்த சுரங்கப்பாதையின் வாய்மேல் இருந்தது.

அவர்கள் வேலையில் இது சின்ன விஷயம் இல்லை. சுரங்கப்பாதைக்கு அந்தப் பக்கம் கல் குவாரி. அங்கே இஞ்சினைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுபோக வேறு தண்டவாளம் கிடையாது. அதனால் போகும்போது காலி வண்டிகளை முன்னால் வைத்துத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். பின்னாலிருக்கும் டிரைவருக்கு வண்டிகளின் முதுகைத் தவிர ஒன்றும் தெரியாது. முதல் வண்டியின் படியில் ஒருவன் விளக்கோடு நின்றுகொண்டு, வழி சரியாக இருக்கும்வரை வாக்கியில் ‘வரலாம், வரலாம்’ என்று சொல்லிக்கொண்டே இருப்பான். ஆபத்து வந்தால் ‘நில்லு’ என்று அவன் சொல்ல வேண்டியதில்லை. சொல்ல வாயைத் திறப்பதற்குள் விழுந்துவிட்டால் என்ன செய்வது? ஆகவே ஏற்பாடே வேறு மாதிரி. குரல் வரும்வரை போகலாம், குரல் நின்றால் வண்டி நிற்க வேண்டும். கிளியின் உயிர் தன் காதை நம்பித்தான் இருக்கிறது என்பது டிரைவருக்குத் தெரியும்.

“எதிரொலியா இருக்கும்டா,” என்றார்.

“எதிரொலி வாக்கிக்குள்ள புகுந்து வருமா மாமா?”

டிரைவர் ஷூவை மாட்டிக் கயிற்றைத் தேவைக்கு அதிகமாகவே இறுக்கினார்.

“ஒன்னு சொல்றேன், சிரிக்கக் கூடாது,” என்றான் கிளி. “டீசல் இஞ்சின் இருந்தப்போ அந்த இரைச்சல்ல நாம பேசினது நமக்கே கேக்காது. இப்ப சத்தமே இல்லாம போறோம். நாம பேசறது உள்ள நல்லா கேக்குது.”

“யாருக்குக் கேக்குது?”

கிளி தோளைக் குலுக்கினான். அவன் சட்டையின் இடது தோளில் இஸ்திரிப் பெட்டி சுட்ட பொத்தல் ஒன்று, விளிம்பெல்லாம் பழுப்பாகப் பளிச்சென்று தெரிந்தது.

சத்தம் போனது பேட்டரி வந்ததால்தான். பெரிய லைனுக்கு மின்கம்பி போட்டபோது சுரங்கத்தின் வாய்வரைக்கும் கொண்டுவந்தார்கள். அதற்குமேல் முடியவில்லை. குள்ளமான பழைய இஞ்சின்களுக்காகக் குடைந்த பாதை அது. கூரைக்கும் இஞ்சினுக்கும் நடுவே கம்பி கட்ட இடம் போதாது. கடைசியில், மின்சார இஞ்சினிலேயே டிரைவர் அறைக்குப் பின்னால் பேட்டரிகளை அடுக்கிக் கொடுத்துவிட்டார்கள். கம்பிக்கடியில் நிற்கும்போது நிரப்பிக்கொள்ளலாம், கம்பி இல்லாத இடத்தில் பேட்டரியில் ஓட்டலாம். நூற்றுக்கு எவ்வளவு மிச்சம் என்று டிரைவருக்கு முன்னாலிருக்கும் பலகையில் பச்சை எழுத்தில் ஒரு எண் காட்டும்.

கற்றுக்கொடுக்க வந்த டெக்னீஷியன் அதிகம் சுற்றி வளைக்காத ஆள். “நீங்க வண்டிய தள்ளினா நம்பர் குறையும். வண்டி உங்கள இழுத்துட்டுப் போனா நம்பர் ஏறும், ஏன்னா அப்ப மோட்டாரே திருப்பிக் கரண்ட் குடுக்கும். போறப்போ மேடு, குறையும். கல் ஏத்திட்டு வர்றப்போ பள்ளம், ஏறும். முழுசா நிரம்பிட்டா மட்டும் அது வாங்காது, மோட்டார் பிரேக் புடிக்காது. அப்ப காத்து பிரேக்க நம்புங்க. இதுக்குமேல இதுல ஒன்னுமில்ல சார்,” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

இதற்குமேல் ஒன்றுமில்லை என்றுதான் டிரைவரும் இத்தனை நாள் ஓட்டிக்கொண்டிருந்தார்.

காலையில் கிளம்பும்போது மனைவி வாசல்வரை வந்தாள். குவார்ட்டர்ஸ் சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே, சிக்னல் கேபினுக்குப் பின்னால். மத்தியானம் அவளே தூக்கில் சாப்பாடு போட்டு எடுத்துக்கொண்டு தண்டவாளம்வரை வந்துவிடுவாள். தாய் போனபின் தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள். அவனுக்கு மீசை முளைத்த பிறகும் சோற்றில் கல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் போடுவாள்.

“தம்பி முகமே சரியில்லங்க,” என்றாள். “ராத்திரி அடுப்புல பால பார்த்துக்கடான்னா, பக்கத்துலயே நின்னுட்டு பொங்க விட்டுட்டான். சுவர பார்த்துட்டு நிக்கறான். நல்லா திட்டி விட்டேன். திட்டினதுக்கு எதிர்த்துப் பேசவே இல்ல, அதான் மனசுக்கு என்னமோ மாதிரி இருக்கு.”

“கிளி எங்க போயிடும், கூண்டு இங்கதானே இருக்கு,” என்று டிரைவர் சிரித்தார்.

“சிரிக்காதீங்க. பத்திரமா கூட்டிட்டு வந்துடுங்க.”

“கூட்டிட்டு வர்றேன்.”

இப்போது அந்த வார்த்தை நினைவுக்கு வந்தது. போகவேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தார். ஆபீசில் என்னவென்று சொல்வது? மைத்துனன் பேசாதபோதும் அவன் குரல் கேட்கிறது என்றா? இரண்டு பேருக்கும் சேர்த்து மருந்து எழுதிக் கொடுப்பார்கள்.

“இப்படிப் பண்ணலாம் மாப்ள,” என்றார் கடைசியில். “வெறும் வரலாம் மட்டும் சொல்லாத. நடுநடுவுல வீட்டுக் கதை ஏதாவது பேசு. அக்காவ பத்தி, என்ன பத்தி, எதையாவது. கதை நின்னு வெறும் வரலாம் மட்டும் வந்தா, நான் நிறுத்திடறேன்.”

கிளியின் முகத்தில் அன்று முதல் தடவையாகக் கொஞ்சம் உயிர் வந்தது. “உங்கள பத்திப் பேசலாம்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்புறம் கோவிச்சுக்கக் கூடாது,” என்று சொல்லிவிட்டு, விளக்கை ஆட்டிக்கொண்டே வண்டிகளின் ஓரமாக நடந்தான். வளைவில் அவன் மறையும்வரை டிரைவர் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பொத்தல்தான் கடைசியாகக் கண்ணிலிருந்து மறைந்தது.

சுரங்கத்தின் வாயில் கம்பி முடிந்தது. கூரைமேலிருந்து கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்புக் கையை இறக்கினார். மேலே தட்டென்று ஒரு சத்தம், அதோடு வெளியுலகத்தின் சத்தமெல்லாம் முடிந்தது. எண்பத்தெட்டு என்று பலகை காட்டியது. வெயில் வண்டி வண்டியாகச் சுருங்கி, கடைசியில் டிரைவரின் முழங்கையிலிருந்தும் வழுக்கிப் பின்னால் போய்விட்டது.

டீசல் நாட்களில் இந்தச் சுரங்கம் அவருக்குப் புகையும் அதிர்வும் மட்டும்தான். பல் ஆடும், காது அடைக்கும், வெளியே வந்து காறித் துப்பினால் கருப்பாக வரும், அதற்குமேல் நினைக்க ஒன்றும் இருக்காது. பேட்டரியில் ஓட்டும்போதுதான் சுரங்கத்துக்கென்று ஒரு சத்தம் உண்டு என்று தெரிந்தது. தண்டவாள இணைப்பில் சக்கரம் ஏறி இறங்கும் டக்கும், கூரையிலிருந்து சொட்டும் நீரும், பின்னறையில் பேட்டரியைக் குளிர வைக்கும் விசிறியின் மெல்லிய முனகலும், அவர் எச்சில் விழுங்குவதும் தனித்தனியாகக் கேட்டன. சுவரில் இன்னும் பழைய டீசல் கரி படிந்திருந்தது. அதன் கசப்பு வாடையும், ஈரக் கல்லின் வாடையும், சூடான பிளாஸ்டிக் வாடையும் கலந்து மூக்கில் தங்கின.

“வரலாம்… வரலாம்… வலது பக்கம் தண்ணி ஒழுகறது ஜாஸ்தியாயிடுச்சு மாமா… வரலாம்… அக்கா என் சட்டைய பொசுக்கினதுக்குத் துணிதான் சரியில்லையாம், கேட்டீங்களா அநியாயத்த… வரலாம்…”

டிரைவர் சிரித்தார். பலகை எண்பத்தாறு காட்டியது.

“வரலாம்… நீங்க குறட்டை விடறது பக்கத்து வீட்டுக்குக் கேக்குதாம், அவங்க அக்காகிட்ட சொன்னாங்களாம்… வரலாம்… அக்கா உங்கள விட்டுக் குடுக்கல, அது மோட்டார் சத்தம்னு சொல்லிட்டா… வரலாம்…”

எண்பத்து நாலு. அப்புறம் எண்பத்து மூன்று. எல்லாம் அதனதன் வழியில் இருந்தன. தோள் இளகியது. இருமல் வந்தவன் தலை சுற்றலில் என்னமோ நினைத்துக்கொண்டான், வீட்டுக்குப் போனதும் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும், சரியான தூக்கம் கிடையாது, போனை நோண்டிக்கொண்டே படுக்கிறான் என்றெல்லாம் ஓடியது மனசு. அந்த யோசனையில் அவர் எவ்வளவு நேரம் இருந்தார் என்று தெரியவில்லை. மறுபடி பலகையைப் பார்த்தபோது எண்பத்தைந்து.

தவறாகப் பார்த்திருப்போம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எண்பத்தைந்துதான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்பத்தாறு ஆனது.

மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள். லீவர் அவர் கையில்தான் இருந்தது, தள்ளும் நிலையில்தான் இருந்தது. மீட்டர் கெட்டுவிட்டது என்று உடனே ஒரு காரணம் கிடைத்தது. கிடைத்த வேகத்திலேயே அது போயும்விட்டது. தள்ளும்போது கடைசி வண்டிக்கும் இஞ்சினுக்கும் நடுவே எப்போதும் ஒரு நெருக்கம் இருக்கும், இரும்பு இரும்பின்மேல் அழுந்தி முனகும். இப்போது அந்த முனகல் இல்லை. இணைப்பு நன்றாக இழுபட்டு, விறைத்து நின்றது.

நீங்க தள்ளினா குறையும். வண்டி உங்கள இழுத்துட்டுப் போனா ஏறும்.

“வரலாம்… வரலாம்… வரலாம்…”

கதை நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது? அவர் டாக்டரைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தபோதா? குரல் கிளியுடையதுதான், முடிவில் கொஞ்சம் இழுக்கிற அதே இழுப்பு. ஆனால் ஒவ்வொரு ‘வரலாம்’மும் ஒரே அளவு. நடுவில் விடும் இடைவெளியும் ஒரே அளவு. மூச்சு வாங்குகிற சத்தம் ஒன்றில்கூட இல்லை.

வாக்கியை எடுத்தார்.

“மாப்ள, நேத்து ராத்திரி அக்கா உன்ன எதுக்குத் திட்டினா?”

“வரலாம்.”

“எதுக்குடா திட்டினா? சொல்லு.”

“வரலாம்.”

லீவரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். மேட்டில் அப்படி விட்டால் வண்டி உடனே சோர்ந்துவிடும். சோரவில்லை. ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. மோட்டார் பிரேக்கைப் பிடித்தார். எண் குதித்தது. எண்பத்தொன்பது. தொண்ணூறு. பிடிக்கப் பிடிக்க ஏறியது. எவ்வளவு கனமான கை இழுத்தால் இப்படி ஏறும் என்று கணக்குப் போட மூளை முயன்றது. வேண்டாம் என்று அதை அடக்கினார்.

அப்போதுதான் பின்னாலிருந்து கேட்டது. வாக்கியில் இல்லை. வெறும் குரல். இஞ்சினுக்குப் பின்னால், வந்த வழியில், சுரங்கத்தின் இருட்டிலிருந்து.

“மாமா, நிறுத்துங்க. நான் இங்க இருக்கேன்.”

டீசலாக இருந்திருந்தால் அது காதிலேயே விழுந்திருக்காது. காற்றுப் பிரேக்கை முழுக்க இழுத்தார். சக்கரங்கள் கிறீச்சிட்டன, சுரங்கம் முழுவதும் அந்தக் கிறீச்சு ஓடித் திரும்பி வந்தது, வண்டி மனசில்லாமல் நின்றது. வாக்கியும் நின்றது. சொட்டும் நீர் மட்டும் மிச்சம்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினார். கால் ஜல்லியில் புதைந்தது. விழுந்திருக்கிறான், முன்னாலிருந்து விழுந்து, வண்டி முழுவதும் அவனைக் கடந்து வந்திருக்கிறது. சக்கரத்துக்கடியிலா, ஓரமாகவா? அவன் அக்காவிடம் என்ன சொல்வது? கூட்டிட்டு வர்றேன் என்று சொல்லியிருந்தார். தண்டவாளத்தில் வெளிச்சம் அடித்துக்கொண்டே நடந்தார். ரத்தம் இருந்துவிடக் கூடாது என்று பயந்தார்.

ரயில் வரும்போது ஆட்கள் ஒதுங்கி நிற்பதற்காகச் சுவரில் குடைந்த மாடம் ஒன்றில் கிளி உட்கார்ந்திருந்தான். முழங்காலைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி. விளக்கு இல்லை, வாக்கி இல்லை. தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தான்.

டிரைவருக்கு அழுகை வந்துவிட்டது. “அடப்பாவி, உயிரே போயிடுச்சுடா எனக்கு,” என்று அவன் தோளைப் பிடித்து எழுப்பினார். “எங்கயாவது அடிபட்டுதா?”

“கீழ விழுந்துட்டேன்.”

“வாக்கி எங்க?”

“முன்னாடி மாட்டியிருக்கு.”

“அப்போ அதுல பேசினது யாருடா?”

கிளி இஞ்சின் பக்கம் திரும்பினான். “கெளம்பலாம் மாமா,” என்றான். “இஞ்சின் மட்டும் போதும். நான் கழட்டிடறேன்.”

சரியான யோசனைதான். கழற்றினால் காலி வண்டிகளுக்குப் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். எங்கும் உருளாது. முன்னால் என்ன இழுத்துக்கொண்டிருந்ததோ, அது அந்த வண்டிகளை வைத்துக்கொள்ளட்டும். டிரைவர் டார்ச்சை நீட்டுவதற்குள் கிளி இருட்டிலேயே இஞ்சினுக்கும் வண்டிக்கும் நடுவில் புகுந்துவிட்டான். கொக்கி விழும் சத்தம், காற்று சீறும் சத்தம். விழுந்து அடிபட்டவன் இவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்கிறானே என்று டிரைவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இஞ்சின் வந்த வழியே பள்ளத்தில் இறங்கத் தொடங்கியது. வெகு தூரத்தில், சுரங்கத்தின் முடிவில், ஒரு வெள்ளைப் புள்ளி. பலகையில் தொண்ணூற்றாறு.

கிளி வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காரவில்லை. டிரைவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டி நின்றான். அவன் மேலிருந்து ஈரக் கல்லின் வாடை வந்தது. நனைந்திருக்கிறான், வரத்தான் செய்யும். டிரைவர் ஏதேதோ பேசினார். இனி இந்தப் பக்கமே வரவேண்டாம், நானே ஆபீசில் பேசிக்கொள்கிறேன், உன் அக்காவிடம் விழுந்த கதையை மட்டும் சொல்லாதே என்றார். கிளி ஒன்றும் பேசவில்லை. கிளி, ஒன்றும், பேசவில்லை. அது மெதுவாகத்தான் அவருக்கு உறைத்தது.

வாக்கி கரகரத்தது.

“மாமா… மாமா, ஏன் நின்னுட்டீங்க? கேக்குதா? நான் கத்திட்டே இருக்கேன், உங்களுக்குப் போகவே மாட்டேங்குது. நடுவுல வேற யாரோ பேசறாங்க மாமா, என்ன மாதிரியே பேசறாங்க. நீங்க கேட்டீங்கல்ல, அப்பவே சொன்னேனே. பால பொங்க விட்டதுக்கு. பால பொங்க விட்டதுக்குத்தான் அக்கா திட்டினா. கேக்குதா?”

மூச்சு வாங்கியது குரல். இருமியது.

டிரைவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. வெள்ளைப் புள்ளி ஒரு தட்டளவு ஆகியிருந்தது.

“மாப்ள,” என்றார், முன்னால் பார்த்தபடியே. தன் குரலே அவருக்கு அந்நியமாக இருந்தது. “அக்கா உன்ன எதுக்குத் திட்டினா?”

காதுக்குப் பக்கத்தில், மிகப் பக்கத்தில், மூச்சுக் காற்றே இல்லாமல் வந்தது.

“வரலாம்.”

தொண்ணூற்றெட்டு.

“மாமா, இஞ்சின காணோம்,” என்றது வாக்கி. “யாரு கழட்டினது? மாமா, வண்டி நகருது. பிரேக் புடிச்சிருக்கு, ஆனா நகருது. நீங்களா தள்றீங்க? நீங்கதானே மாமா?”

திரும்பிப் போக வேண்டும். நிறுத்த வேண்டும். காற்றுப் பிரேக்குக்குக் கையைக் கொண்டுபோனார். அந்தக் கையின்மேல் இன்னொரு கை வந்து அமர்ந்தது. குளிர்ச்சி இல்லை, சூடும் இல்லை. கனம். மலையின் கனம். விரல்கள் அசையவில்லை. மோட்டார் பிரேக்கை இடது கையால் இழுத்தார்.

தொண்ணூற்றொன்பது.

நூறு.

பேட்டரி வாங்கவில்லை. பிரேக் பிடிக்கவில்லை. சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது இஞ்சின்.

“மாமா,” என்றது வாக்கி. ரொம்ப தூரத்தில். “மாமா.”

அப்புறம் இரைச்சல். அப்புறம் அதுவும் இல்லை.

வெயில்.

இஞ்சின் கம்பி தொடங்கும் இடத்தில் தானாகவே நின்றது. கேபினுக்குப் பக்கத்தில் மனைவி தூக்கோடு நின்றிருந்தாள். நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தாள். கணவனைப் பார்த்தாள், அவருக்குப் பின்னால் நின்றதைப் பார்த்தாள், முகம் இளகியது.

“வண்டியெல்லாம் எங்கங்க? வெறும் இஞ்சினோட வந்திருக்கீங்க,” என்று கேட்டுக்கொண்டே நடந்து வந்தாள்.

கிட்ட வராதே என்று சொல்ல வேண்டும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கை இன்னும் அந்தக் கைக்கடியில் இருந்தது. கண்ணை மட்டும் திருப்பினார். பக்கத்தில், முழு வெளிச்சத்தில், நனைந்த சட்டையின் இடது தோள் தெரிந்தது.

பொத்தல் இல்லை.

அவள் படியில் கால் வைத்து ஏறினாள். “ஏன்டா நனைஞ்சிருக்கே? என்ன, வாய்க்குப் பூட்டு போட்டிருக்கா? ராத்திரி திட்டினதுக்கு இன்னுமா கோவம்?” என்று தம்பியின் கன்னத்தைத் தொடக் கையை நீட்டினாள்.

அவளுக்காக அது வாயைத் திறந்தது. திறந்துகொண்டே போனது. உள்ளே பல் இல்லை, நாக்கு இல்லை. ஈரக் கல்லின் வாடை வந்தது. நீர் சொட்டுவது கேட்டது. எங்கோ ஆழத்தில் ஒரு சின்ன விளக்கு ஆடிக்கொண்டே உள்ளே, இன்னும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அந்த விளக்கின் பக்கமிருந்து கிளியின் குரல் வந்தது.

“பால பொங்க விட்டதுக்கு, மாமா. கேக்குதா? மாமா, நான் பேசறது கேக்குதா?”